இடுப்புக்கு வாங்கிய டியூப்

ஒரே ஒருத்தியைத் தவிர, அம்மாசி சந்தேகப்படாத ஆள் அந்த வட்டாரத்தில் யாரும் இல்லை. சலூனில் உட்கார்ந்தால் பிளேடு புதுசுதானா என்று கேட்பான். கண்ணெதிரே உறையைப் பிரித்துக் காட்டினாலும், உறை புதுசு, உள்ளே இருப்பது பழசாக இருக்கலாமே என்பான். ஓட்டலில் சாம்பாரை முகர்ந்து பார்க்காமல் இட்லியைத் தொடமாட்டான். மூங்கில்துறைப்பட்டில் பஸ் ஏறினால், இது சங்கராபுரம் போகிற பஸ்தானா என்று டிரைவரைக் கேட்பான், கண்டக்டரைக் கேட்பான், பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரையும் கேட்பான். அவர் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிக் கேட்பான்.

பிறவிக் குணம் என்று சொல்ல முடியாது. மீசை முளைத்த வயதில் ஒரு மேஸ்திரி இவனையும் இன்னும் சிலரையும் கரும்பு வெட்ட என்று லாரியில் ஏற்றிக்கொண்டு எங்கோ ஒரு ஊரில் இறக்கினான். சாப்பாடு வாங்கி வருகிறேன் என்று போனவன் திரும்பவே இல்லை. பட்டினியோடு ஊர் வந்து சேர்ந்தபோது ஒட்டிக்கொண்ட குணம் இது. வயது ஐம்பதைத் தாண்டியும் விடவில்லை.

சந்தேகப்படாத அந்த ஒருத்தி அவன் பெண்டாட்டி மலர்விழி. அவளைச் சந்தேகப்பட அவனுக்குத் தோன்றியதே இல்லை. இருவரும் ஒரே கூட்டத்தில் கரும்பு வெட்டப் போவார்கள். அவன் வெட்டுவான், அவள் சோகை என்கிற காய்ந்த தோகையை உரித்துக் கட்டுக் கட்டுவாள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கண்ணெதிரே நிற்கிறவளை என்னவென்று சந்தேகப்படுவது?

கார்த்திகை மாதம் அவர்கள் மகள் தமிழ்ப்ரியாவைப் பெண் பார்க்கத் தியாகதுருகத்திலிருந்து வந்தார்கள். நல்ல இடம். மாப்பிள்ளையின் அத்தை கலகலப்பான பெண்மணி. தண்ணீர்ச் சொம்போடு வந்த மலர்விழியைப் பார்த்து அவள், "பொண்ணோட அம்மா எங்க ஆயா? கூப்புடுங்க, பாக்கலாம்" என்றாள்.

"நாந்தாங்க அம்மா" என்றாள் மலர்விழி.

பாட்டி என்று நினைத்து ஆயா போட்ட அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. மலர்விழிக்கு வயது நாற்பத்தைந்துதான். ஆனால் சின்ன வயதிலிருந்து வெயில் குடித்த முகம். கரும்புச் சோகை கீறிக் கீறி ஆறிய கோடுகள், இரண்டு கன்னத்திலும் கருத்துப் படர்ந்த மங்கு, கண்ணைச் சுற்றிச் சுருக்கம். பார்க்கிறவர்கள் பத்துப் பதினைந்து வயதைக் கூட்டித்தான் சொல்வார்கள். வீட்டில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவன் அம்மாசி. சம்பந்தம் கூடி வருகிற நேரத்தில் சிரித்துவைப்பது நல்லது என்று நினைத்தான். மலர்விழியும் சிரித்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவும் சத்தம் தேவைக்கு அதிகமாகக் கேட்டது. சந்தேகக்காரன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பார்கள். சுத்தப் பொய். அம்மாசி அதைக் கவனிக்கவே இல்லை.

வைகாசியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. அதற்குள் கரும்பு வெட்டும் தொடங்கிவிட்டது.

பனியில் நனைந்த தோட்டத்துக்குள் விடிகாலையில் இறங்கி, வெயில் ஏறியதும் வியர்வையில் நனைந்து, அந்த ஈரத்தோடேயே நாளைக் கழிக்கிறவர்களுக்கு இடுப்பில் படை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அம்மாசிக்கு அரைஞாண் கயிறு கிடக்கும் இடத்தில் வட்ட வட்டமாகத் தடித்து, அரிப்பு உயிரை எடுத்தது. டாக்டரிடம் போகவில்லை. டாக்டர் வேண்டுமென்றே ஊசி போடுவார் என்பது அவன் சந்தேகம். மெடிக்கலில் சட்டையைத் தூக்கிக் காட்டினான். கடைக்காரர் ஒரு டியூப்பை எடுத்துக் கொடுத்தார்.

தடவிய மாத்திரத்தில் அரிப்பு அடங்கியது. இன்னொன்றும் நடந்தது. மருந்து தடவிய இடம் வெளுத்தது. கருத்த இடுப்பில் அரைஞாண் கயிற்றை ஒட்டி வெள்ளை வெளேரென்று ஒரு வளையம் விழுந்தது. சட்டையைக் கழற்றி அவன் குளிக்கும்போது மலர்விழி முதுகு தேய்த்துவிட வந்தவள், அந்த வளையத்தை நின்று பார்த்தாள்.

படிக்கிற உங்களுக்குப் புரிந்திருக்கும். அம்மாசிக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகு டியூப் சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்தது. அம்மாசி முதலில் மெடிக்கல்காரரைச் சந்தேகப்பட்டான். "பாதி டியூப்புல காத்த அடைச்சுக் குடுக்கிறியா?" என்று கடை வாசலில் சத்தம் போட்டான். அவர் புது டியூப்பை அழுத்திக் காட்டினார். அடுத்துப் பகலவனைச் சந்தேகப்பட்டான். பகலவன் அதே வெட்டுக் கூட்டத்து இளைஞன். தினமும் காலையில் அம்மாசியைப் பைக்கில் ஏற்றிப் போக வருவான். வந்தவன் சும்மா நிற்கமாட்டான். மாடத்தில் இருக்கிற சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொள்வான். டியூப்பும் அந்த மாடத்தில்தான் இருந்தது. அவனுக்கும் இடுப்பில் அரிப்பு. கேட்கவா வேண்டும்? கண்கொத்திப் பாம்பாக அவனைக் கவனித்தும் கையும் களவுமாகப் பிடிக்க முடியவில்லை.

இதற்கிடையில் மலர்விழியின் முகம் மாறிக்கொண்டு வந்தது. மங்கு மறைந்தது. கன்னம் வழுவழுவென்று மின்னியது. வெட்டுக்கு வரும் பெண்கள், "இன்னாடி மலரு, பொண்ணுக்குக் கல்யாணமா உனக்குக் கல்யாணமா?" என்று கேலி செய்தார்கள். அவள் வெட்கப்பட்டுத் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். முன்னெல்லாம் தலைக்கு மட்டும் கட்டுகிறவள் இப்போது கண்ணை மட்டும் விட்டுவிட்டு மூக்கு, வாய், கன்னம் எல்லாவற்றையும் கட்டினாள். வரப்பில் மர நிழல் பார்த்து நடந்தாள். வீட்டில் பாட்டு முணுமுணுத்தாள்.

பெண்டாட்டியின் முகம் திடீரென்று அழகானால் சந்தோஷப்படுகிற புருஷன் இருப்பான். அம்மாசி அந்த ரகம் இல்லை. யாருக்காக இந்த மினுக்கு? இத்தனை வருஷமாகச் சந்தேகப்படாமல் விட்டதற்கெல்லாம் சேர்த்து வைத்துச் சந்தேகப்பட்டான்.

ஆளும் கிடைத்தான். கல்வராயன் மலையிலிருந்து மொபட்டில் தேனும் நெல்லிக்காயும் கொண்டுவந்து வெள்ளிக்கிழமைகளில் சர்க்கரை ஆலைக்குப் போகும் ரோட்டோரம் விற்கும் செல்லன். மலர்விழி அவனிடம் நெல்லிக்காய் வாங்கப் போனாள். நெல்லிக்காய் தின்றால் தோல் சுருங்காது என்று அவன் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள், இரண்டு வார்த்தை பேசுவாள், சிரிப்பாள். எதிர் டீக்கடையிலிருந்து அம்மாசி பார்த்தான். மலைக்காரன் ஏதோ வேரையோ மையையோ கொடுத்து இவளை மயக்கிவிட்டான் என்று முடிவுகட்டிவிட்டான். ஆனால் வாயைத் திறந்து மலர்விழியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள் அல்லவா?

அந்த வாரம்தான், பகலவனுக்கு ஒரு பாடம் கற்பிக்க நினைத்து, டியூப்பை மாடத்திலிருந்து எடுத்துத் தன் பைக்குள், சாணைக்கல்லுக்கு அடியில் ஒளித்துவைத்தான். அந்தப் பையை அவன் தோளை விட்டு இறக்குவதில்லை.

கொஞ்ச நாளில் மலர்விழியின் பாட்டு நின்றது. அடுப்பின் முன்னால் உட்கார முடியவில்லை என்று மகளை உலை வைக்கச் சொன்னாள். வெட்டுக்கு வரவில்லை, உடம்பு சரியில்லை என்றாள். வீட்டுக்குள்ளும் துண்டை அவிழ்க்கவில்லை. அம்மாசி பக்கத்தில் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னாமே, மூஞ்சிய மூடிக்கினே கீற?"

"பல்லு வலிங்க."

பல் வலிக்கு எதற்குக் கண்வரை துணி? அம்மாசி மேற்கொண்டு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை அவன் நினைத்தபடியே அவள் ஆலை ரோட்டுக்குப் போனாள். டீக்கடைப் பெஞ்சில் இருந்து பார்த்தான். அவள் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுத் துண்டை அவிழ்த்தாள். செல்லன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். கிட்டத்தில் வந்து பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்தாள். கட்டின புருஷனுக்குக் காட்டாத முகத்தை இவனுக்குக் காட்டுகிறாள்! முதுகுதான் தெரிந்தது இவனுக்கு. ஆனாலும் பார்த்தவரைக்கும் போதும் என்று இருந்தது. டீயைக் குடிக்காமல் எழுந்துவிட்டான்.

மறுநாள் பகலவனிடம் வேறு வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டு, சங்கராபுரத்தில் மாறி மலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்தான். வெட்டுக்கத்தியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனது அந்த வாரத்தில் அவன் செய்த ஒரே நல்ல காரியம். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, செல்லனிடம் கேட்க வேண்டியதை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான்.

சேராப்பட்டில் இறங்கி விசாரித்துக்கொண்டு நடந்தால், ஓட்டு வீட்டு வாசலில் செல்லனும் அவன் மனைவி ஆயம்மாளும் புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நீதானே ஆலை ரோட்ல தேன் விக்கிறவன்?"

"ஆமாங்கண்ணா. உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

"உக்கார வரல. என் பொண்டாட்டிக்கு இன்னா மருந்து குடுத்த? அவ மூஞ்சிய எதுக்கு அப்டி குனிஞ்சி பாத்த?"

செல்லன் விழித்தான். ஆயம்மாள்தான் முதலில் பேசினாள். "மூஞ்சி செவந்துக்கினு ஒரு அம்மா அழுதுச்சுன்னு நேத்து சொன்னியே, அந்தம்மாவா?" என்று புருஷனைக் கேட்டாள்.

நேற்று நடந்ததை வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறான். ஒத்திகை பார்த்து வந்த வார்த்தைகளில் பாதி அந்த இடத்திலேயே அம்மாசிக்கு மறந்துபோயிற்று.

"நான் ஒண்ணும் குடுக்கலண்ணா" என்றான் செல்லன். "மூஞ்சில தேன் போட்டா எரிச்சல் அடங்குமான்னு கேட்டுச்சு. போடும்மான்னு வித்துட்டு வந்திருக்கலாம். ஆனா மூஞ்சியப் பாத்தா எனக்கே பயமாப் போச்சு. செக்கச்செவேல்னு, பொடிப்பொடியா கொப்புளம். இதுக்கு முன்னாடி இன்னாம்மா போட்டன்னு கேட்டேன். சொல்ல மாட்டேன்னுச்சு. அப்பறம்தான் சொல்லுச்சு. உங்களுக்கு அர்ணாக்கயிறு எடத்துல படை வந்துச்சாமே? அதுக்கு வாங்குன டியூப்ப போட்ட எடம் பளிச்சுனு வெளுத்துச்சாம். அதையே எடுத்து மூஞ்சில போட்டுக்கினு இருந்திருக்குது. இப்ப டியூப்ப காணோமாம். நிறுத்துனதுலேந்து நெருப்பா எரியுதாம். கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போம்மான்னு சொல்லி அனுப்புனேன்."

தோளில் தொங்கிய பை அம்மாசிக்குக் கனத்தது. அதற்குள்தான் அந்த டியூப் இருந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல அவ?" என்றான்.

ஆயம்மாள் புளியம்பழத்தின் ஓட்டைத் தட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "இங்க வந்து கேட்ட மாதிரிதான் வூட்லயும் கேப்பீங்கன்னா, யாருக்குங்க சொல்ல வாய் வரும்?"

திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மாசி யாரையும் எதுவும் கேட்கவில்லை. சட்டையைத் தூக்கி இடுப்பைப் பார்த்தான். வெள்ளை வளையத்துக்கு வெளியே படை முன்னைவிட அகலமாகப் பரவியிருந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதோடு, உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், சந்தோஷமாகவும் இருந்தது. அவள் யாரிடமும் போகவில்லை. அவளைச் சுற்றி ஒருத்தனும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மலர்விழி பக்கத்தில் உட்கார்ந்து, "துண்ட அவுரு மே. எனக்குத் தெரியும்" என்றான்.

அவள் அவிழ்த்தாள். செல்லன் சொன்னதைவிட மோசமாக இருந்தது. கன்னத்தில் தோல் மெலிந்து, சிவப்பு நரம்பு நரம்பாகத் தெரிந்தது.

"நாளைக்கி ஞாயித்துக்கிழமை. திங்கக்கெழம காத்தாலயே பெரியாஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"உங்களுக்கு எப்டித் தெரிஞ்சுது?"

அம்மாசி ஒரு நொடி யோசித்தான். உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. "டியூப்பு சீக்கிரம் கொறையுது, உன் மூஞ்சி வெளுக்குது. நானே கண்டுபுடிச்சேன்."

"என் மூஞ்சியப் பாத்தீங்களா நீங்க?" என்று கேட்டாள் மலர்விழி. அந்த எரிச்சலிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவள் முகத்தை இவன் கவனித்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. இப்போது கவனித்திருக்கிறான், வெளுத்ததுகூடத் தெரிந்திருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க அவள் துண்டு கட்டாமலே இருந்தாள்.

கள்ளக்குறிச்சியில் தோல் டாக்டர் ஒரு சின்னப் பெண். விவரம் முழுவதையும் கேட்டுவிட்டு டியூப்பைக் காட்டச் சொன்னார். அம்மாசி பைக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தான். மலர்விழி டியூப்பைப் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். "பகலவன்தான் எடுக்கிறான்னு நெனச்சி ஒளிச்சி வெச்சேன்" என்று அவன் முணுமுணுத்தான்.

"இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா" என்றார் டாக்டர். "போட்டவுடனே வெளுக்கும், மின்னும். கொஞ்ச நாள்ல தோலையே அரிச்சு மெலிசாக்கிடும். நிறுத்தினா இப்படித்தான் எரியும். முகத்துக்கு மட்டும் இல்ல, இடுப்புக்கும் இது ஆகாது. உங்க வீட்டுக்காரருக்குப் படை இன்னும் பரவி இருக்குமே?"

அம்மாசி தலையை ஆட்டினான்.

"எதுக்கும்மா போட்டீங்க?"

மலர்விழி தரையைப் பார்த்தாள். "பொண்ணு கல்யாணத்துல யாரும் என்ன ஆயான்னு கூப்புடக் கூடாதுன்னுதாங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். வயதாவது நோய் இல்லை, உங்கள் முகத்துக்கு வயதைக் கூட்டியது வெயில்தான் என்றார். தோட்டத்துக்குப் போகும்போது துணி கட்டுங்கள், சோப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், இந்தக் களிம்பை மட்டும் மெல்லத் தடவுங்கள், தேய்க்கக் கூடாது, வைகாசிக்குள் சிவப்பு அடங்கிவிடும், மங்கு திரும்ப வரலாம் என்றார். மலர்விழிக்குக் கடைசி வார்த்தை பிடிக்கவில்லை. ஆனாலும் எரிச்சல் அடங்கும் என்றதே போதும் என்று எழுந்தாள்.

பஸ்ஸில் இருவரும் ஒட்டி உட்கார்ந்து வந்தார்கள். அம்மாசி அவள் பக்கம் வெயில் படாமல் இருக்க ஜன்னல் ஓரம் மாறி உட்கார்ந்தான். "எங்கிட்ட சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்குமா?" என்றான். "பயமா இருந்துச்சு" என்றாள். "எதுக்கு பயம்? நான் இன்னா சந்தேகப்படப் போறேனா?" என்றுகூடச் சொல்லிவிட்டான் அந்த மகானுபாவன்.

சங்கராபுரத்தில் பஸ் மாற இறங்கினார்கள். பஸ் ஸ்டாண்டு வாசலில் செல்லன் மொபட்டை நிறுத்தி நெல்லிக்காய் விற்றுக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து வந்தான். அம்மாசி கண்ணைக் காட்டினான், தலையை அசைத்தான். வெள்ளந்தியான மனிதனுக்கு அதெல்லாம் புரியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களாம்மா? நல்லது. அண்ணன் சனிக்கெழம மல ஏறி எங்க வூட்டுக்கே வந்துட்டாரு. எனக்கும் உங்களுக்கும் இன்னா பேச்சுன்னு ரொம்பக் கோவமா கேட்டாரு. எம் பொண்டாட்டி பயந்துட்டா. அப்பறம் வெவரம் சொன்னதும் கோவம் எறங்கிடுச்சு. பாவம், உங்க மேல உசுரு அவருக்கு."

மலர்விழி செல்லனுக்குக் கைகூப்பினாள். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா" என்றாள். அதற்கு மேல் அவனிடம் நிற்கவில்லை.

மூங்கில்துறைப்பட்டுப் பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம், வெயில் அடிக்கிற பக்கமே உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் வா என்று அம்மாசி கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. பாதி வழியில், வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"அப்ப நீங்க என் மூஞ்சியப் பாக்கல. ஆளத்தான் தேடிக்கினு போயிருக்கீங்க."

பஸ்ஸில் கூட்டம் இருந்தது, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாசி கிணற்றடிக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். நகத்துக்குள் இருந்த கரும்பு அழுக்கைக் குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு, மறுபடியும் கழுவினான். களிம்பைப் பிரித்துக்கொண்டு, பாயில் உட்கார்ந்திருந்த மலர்விழியின் முன்னால் வந்து மண்டியிட்டான்.

"கண்ண மூடிக்கோ மே. தேய்க்காம, மெதுவா வெக்கிறேன்."

மலர்விழி அவன் கையிலிருந்து டியூப்பை வாங்கினாள். ஆஸ்பத்திரியில் கொடுத்தது இதுதானா என்று மூடியைத் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"அதேதான் மே" என்றான் அம்மாசி.

"இருக்கட்டும்" என்று அவள் டியூப்பை மடியில் வைத்துக்கொண்டாள். "ப்ரியா வரட்டும். அவ போடுவா."

மகள் வேலை முடிந்து வர இன்னும் நேரம் இருந்தது. எரிச்சல் தாங்காமல் மலர்விழி முந்தானையால் முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அம்மாசி கழுவிய கையோடு அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். அவள் அவனைப் போகச் சொல்லவும் இல்லை, கிட்டத்தில் வரச் சொல்லவும் இல்லை.